கேட்டை உதிக்காத பங்குனி

அந்த வருஷம் பங்குனியில் கேட்டை உதிக்கவில்லை.

கேட்டை என்றால் வானத்துக் கேட்டை. தேளின் நடுவில் சிவப்பாக நிற்குமே, அந்த மீன். தேள் வந்தது. முன்னங்கால்கள் வந்தன, வால் வந்தது, வால் நுனியில் கொடுக்கும் வந்தது. நடுவில் நிற்க வேண்டியது மட்டும் இல்லை. பல் விழுந்த வாய் மாதிரி அந்த இடம் கறுப்பாகக் கிடந்தது. ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு மீன் வராவிட்டால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. எங்களுக்கு ஆகும். எங்கள் வடக்குமடையில் குளத்துத் தண்ணீரைப் பகலில் நிழலை அளந்தும் ராத்திரியில் மீனைப் பார்த்தும்தான் பங்கு வைப்பது. ஐப்பசியில் திருவாதிரை, கார்த்திகையில் மகம், மார்கழியில் உத்திரம், தையில் சித்திரை, மாசியில் விசாகம், பங்குனியில் கேட்டை என்று மாசத்துக்கு ஒரு மீன், கிழக்கே நரிப்பொத்தை என்கிற அந்தப் பாறைக்குன்றுக்கு மேலே அது தலைகாட்டும்போது ஒருவன் தன் வயலுக்குத் தண்ணீர் புகுகிற வாமடையை அடைக்க வேண்டும், அடுத்தவன் தன் வாமடையைத் திறக்க வேண்டும். மாசம் போகப் போக மீன் முந்தி முந்தி வரும், அதற்குத் தக்கபடி அடுத்த மாசம் அடுத்த மீனுக்கு மாறிக்கொள்வோம். சித்திரை மாசம் குளம் காய்ந்துவிடும். அதற்குப் பிறகு வானத்தில் எது வந்தால் என்ன. ஆனியில் அதே தேள் தெற்கே உசரத்தில் ஏறி நிற்கும், ஆவணியில் மேற்கே சாயும், ஒருவனும் அண்ணாந்து பார்க்க மாட்டான். காரியம் முடிந்தது.

கடிகாரம் வைத்துப் பார்க்காமல் இல்லை. கொழும்பிலிருந்து வந்த கடிகாரம் ஒரு மணி சொன்னது, கோயில் கடிகாரம் வேறு மணி சொன்னது, ரேஷன் கடைக்காரன் கையில் கட்டியிருந்தது நின்றே போயிருந்தது, அவன் அதுதான் சரி என்று கடைசிவரை சாதித்தான். இரண்டு மண்டை உடைந்தது. அதற்குப் பிறகு பெரியவர்கள் கூடி மடைக்கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள்: மீன் தலைகாட்டுமுன் மடையை மாற்றினவன் முறையை இழந்தவன். இழந்தால் அவன் மட்டும் இல்லை, அவன் பிள்ளை, பேரன் எல்லாரும் இழந்தவர்கள். கல்லில் வெட்டினதை நாங்கள் மாற்றுவதில்லை. அது புத்திசாலித்தனமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

கடைமடையில் ராத்திரித் தண்ணீருக்கு இரண்டே பேர். பொழுது அடைந்ததிலிருந்து மீன் உதிக்கும் வரை கொம்பையாவுக்கு. மீன் உதித்ததிலிருந்து விடியும் வரை ஆவுடைக்கனிக்கு. பகல் எங்கள் நாலு பேருக்கு.

கொம்பையா மலை மாதிரி ஆள், கெட்டவன் இல்லை, ஆனால் தண்ணீர் என்றால் பேய். மற்ற மாசங்களில் தண்ணீர் தாராளம், சண்டை கிடையாது. பங்குனியில் குளம் வற்றும், பயிர் பால் பிடிக்கும், அப்போது பார்த்து இந்தச் சிவப்பு மீன் வந்து நிற்கும். "வந்துட்டான்லே செங்கண்ணன்" என்று கொம்பையா காறித் துப்பிவிட்டுத்தான் மம்பட்டியை எடுப்பான். பக்கத்து வரப்பில் ஆவுடைக்கனி குந்தியிருந்து, "எங்க மேஞ்சிட்டு வருது இந்த மூதி, இன்னும் காணல" என்று அதே மீனை ஏசிக்கொண்டிருப்பாள். போதாததற்கு ஊர் முழுக்க அதற்கு ஏச்சு. கேட்டையில் பிறந்த பெண் புருஷனின் அண்ணனுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு. ஆவுடைக்கனி கேட்டை. நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அப்பன் செத்த பிறகு அவன் விட்டுப்போன இரண்டு வயலையும் தனியாளாகப் பார்த்தாள். எங்கள் ஊரில் அவளைவிட வாய் உள்ளவள் கிடையாது, அவளைவிட நன்றாக நாற்று முடிபவளும் கிடையாது.

முதல் நாள் நீர்பாய்ச்சி சப்பாணிமுத்துதான் வந்து சொன்னான். குளத்து மடையைத் திறந்து அடைக்கிற பொறுப்பு அவனுக்கு. ஏதோ பஸ் வரவில்லை என்று சொல்கிற மாதிரி, "கேட்டை வரல" என்றான், பீடியைப் பற்றவைத்தான், போய்விட்டான். அடுத்த நாள் எல்லாரும் பார்த்தோம். மீன் மேலே ஏறவில்லையே தவிர, நரிப்பொத்தைக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தது. ஊதி விட்ட கங்கு மாதிரி சிவந்த வெளிச்சம். கோபித்துக்கொண்ட பெண்டாட்டி கதவுக்குப் பின்னால் நிற்கிறபோது சேலை நுனி மட்டும் தெரியுமே, அந்த மாதிரி. பையன்கள் ஏறிப்போய்ப் பாறைக்குப் பின்னால் பார்த்தார்கள். அடுத்த பாறைக்குப் பின்னால் இருந்தது. அங்கே போனால் அதற்கும் அடுத்த பாறை.

சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஊர் அதோடு வாழப் பழகிவிட்டது. நரிப்பொத்தை அடிவாரத்துச் சேவல்கள் கண்ட நேரத்தில் கூவ ஆரம்பித்தன, அந்தப் பக்கத்துக் குடிசைகளில் மண்ணெண்ணெய் மிச்சமானது, பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள், வந்தவர்களுக்கு ஒருவன் டீக்கடை போட்டான், டீக்கடைக்குப் பக்கத்தில் ஒருத்தி வடைச்சட்டியை ஏற்றினாள், வாத்தியார் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து நட்சத்திரம் என்பது என்ன, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அது பொத்தைக்குப் பின்னால் வந்து நிற்க ஏன் முடியாது என்றெல்லாம் விளக்கிவிட்டு, கடைசியில் அவரும் வடை தின்றுவிட்டுப் போனார்.

சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. ஜோசியர் நெல்லையப்பன் ஊரில் கேட்டையில் பிறந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டு, கேட்டைதான் இல்லையே, இனிமேல் நீங்கள் அனுஷம் என்று சொல்லிவிட்டார். முதலில் மூலத்தில் சேர்ப்பதாகத்தான் இருந்தது, மூலம் அதைவிட மோசம், மாமனாரைத் தின்றுவிடும் என்று தாய்மார்கள் சண்டைக்குப் போனதால் அனுஷம் ஆனது. வருஷக்கணக்காகத் தட்டிப்போன மூன்று கல்யாணம் அந்த வாரமே நிச்சயமானது. ஒரு தாய் எலுமிச்சம்பழ மாலையோடு பொத்தைக்குப் போய், தாலி ஏறும் வரைக்கும் இப்படியே உட்கார்ந்திரு சாமி என்று கும்பிட்டுவிட்டு வந்தாள்.

ஆவுடைக்கனியையும் ஜோசியர் வழியில் நிறுத்தினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஏளா, உன்னையும் அனுஷத்துல சேத்தாச்சு. பக்கத்தூர்ல ஒரு மாப்பிள்ளை இருக்காரு. ரெண்டாந்தாரம்தான். நல்ல இடம்."

"நட்சத்திரத்தை மாத்திட்டீரு சரி. தண்ணி வருமா?"

"தண்ணி வேற, ஜாதகம் வேற."

"அப்ப ஜாதகத்தை நீரே வச்சுக்கிடும். எனக்குத் தண்ணி போதும்."

தண்ணீர்தான் வரவில்லை. மீன் உதிக்கவில்லை என்றால் கொம்பையாவின் முறை முடியவில்லை. விடியும் வரை அவன் வயலில்தான் பாய்ந்தது. விடிந்தால் நிழல் கணக்கு, தண்ணீர் எங்களுக்கு. ஆவுடைக்கனிக்கு ராத்திரியும் இல்லை, பகலும் இல்லை. அவள் பயிர் கதிர் வாங்கி நின்றது, அந்தப் பருவத்தில் தண்ணீர் இல்லையென்றால் அத்தனையும் பதர். மழை பிந்திப்போன வருஷம், நடவே பிந்தித்தான் நடந்தது. முதலில் வயல் வெடித்தது. பிறகு தோகை நுனி காய்ந்தது. வெயிலில் சுருண்டிருக்கும், ராத்திரிப் பனிக்கு லேசாக விரியும், மறுபடி சுருளும். அவளுக்கு அந்த இரண்டு வயலைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. அது போனால் அடுத்த வருஷம் யாராவது வயலில் கூலிக்குத்தான் குனிய வேண்டும்.

கொம்பையாவின் பயிரோ கறுத்து நின்றது. கடைமடையில் அப்படி ஒரு விளைச்சலை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவனும் படுக்க முடியாது. முறை உள்ளவன் வயலில் நிற்க வேண்டும், அதுவும் கல்லில் இருக்கிறது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நின்று நின்று இரண்டு காலிலும் சேற்றுப்புண். நொண்டிக்கொண்டு டீக்கடைக்கு வருவான். ஆவுடைக்கனி அங்கேயே பிடித்துக்கொண்டாள்.

"கொம்பையா அண்ணாச்சி, உம்ம வயல்ல தவளையெல்லாம் குடும்பம் நடத்துது. எனக்கு ஒரு நாழிகை விடும்."

"விட்டா முறை போயிரும்லா தாயி. எங்க அப்பன் எனக்கு விட்ட முறை. நாளைக்கு எம் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்ல?"

"பிள்ளைகளுக்கு நீஞ்சக் கத்துக் குடும். அதான் பதில்."

எல்லாரும் சிரித்தார்கள். கொம்பையா சிரிக்கவில்லை. புண்ணில் வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

ஊர் கூடிப் பேசினோம். கேட்டைக்குப் பதிலாக விசாகத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். விசாகம் முந்தி வரும், என் தண்ணீர் குறையும் என்று கொம்பையா ஒத்துக்கொள்ளவில்லை. மூலத்தை வைக்கலாம் என்றார்கள். மூலம் பிந்தி வரும், ஒருதரம் ஒத்துக்கொண்டால் கல்லில் வெட்டிவிடுவீர்கள், என்றைக்கும் எனக்குக் குறையும் என்று ஆவுடைக்கனி ஒத்துக்கொள்ளவில்லை. பகல்காரர்களாகிய எங்களில் யாராவது விட்டுக்கொடுக்கலாம் என்று ஒருவன் சொன்னான். நாலு பேரும் எழுந்து போய்விட்டோம். இதுதான் ஊர்.

பிறகு நரிப்பொத்தைக்கு ஆள் ஆளாக ஏற ஆரம்பித்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் மாலையும் மைக்குமாகப் போய், ஊர்ப் பொதுமக்கள் சார்பாகக் கேட்டுக்கொள்வது என்னவென்றால் என்று ஆரம்பித்தார், வெளிச்சம் லேசாக மங்கியது. பூசாரி உடுக்கடித்து மிரட்டினார், இன்னும் மங்கியது. கேட்டையில் பிறந்த ஆண்கள் சேர்ந்து போய், எங்களுக்கு ராசி பலன் பார்க்க முடியவில்லை, நீ வந்தாக வேண்டும் என்றார்கள். கல்யாணம் நிச்சயம் பண்ணினவர்கள் வராதே என்றார்கள். ஆவுடைக்கனி தினம் சாயங்காலம் ஏறிப்போய் நியாயம் கேட்டாள். வா என்றும் வராதே என்றும் ஊரே அந்தப் பாறையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. அது அசையவில்லை.

மீன் தலைகாட்டினால் சத்தம் போட்டுக் கீழே சொல்லுவதற்கு, வீட்டுக்கு ஒருவராகப் பொத்தையில் காவல் வைத்தோம். அந்த ராத்திரி என் முறை. பங்குனி பாதி போயிருந்தது. ஊர் அடங்குகிற நேரம். ஆவுடைக்கனி எனக்கு முன்னால் வந்து பாறையில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஏசவில்லை. கையில் ஒரு கதிரை வைத்து நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பால் வத்திட்டு வருது அண்ணாச்சி" என்றாள். "இன்னும் ரெண்டு மூணு நாள். அப்புறம் தண்ணி வந்தா என்ன, வெள்ளமே வந்தா என்ன."

நானும் கதிரை வாங்கிக் கீறிப் பார்த்தேன்.

அப்போது கீழேயிருந்து ஒரு அரிக்கேன் விளக்கு ஏறி வந்தது. கொம்பையா வீட்டுக்காரி. ஒல்லியான பெண்பிள்ளை, பீடி சுற்றுகிறவள், தலைகுனிந்து தட்டோடு உட்கார்ந்தால் நாள் முழுக்க வாயைத் திறக்க மாட்டாள். கையில் தூக்குவாளி.

"வா மைனி" என்றாள் ஆவுடைக்கனி. "நீயும் வேண்டிக்கிட வந்தியாக்கும். இன்னும் கொஞ்ச நாள் வராம இருன்னு."

"இல்ல. சோறு கொண்டாந்தேன்."

"அண்ணாச்சி கீழ வயல்லல்லா நிக்காக."

"அவுகளுக்கு இல்ல." வெளிச்சம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அதுக்கு."

ஆவுடைக்கனி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"மைனி, அது வந்துட்டா உங்க வயலுக்குத் தண்ணி நின்னுரும். தெரியும்லா?"

"தெரியும்."

அவள் பாறை இடுக்கில் விளக்கை வைத்தாள். வாழையிலையை விரித்தாள். சுடுசோறு, கருவாட்டுக் குழம்பு, சுட்ட வற்றல் ஒன்று. ஆவி பறந்தது. குழம்பு வாசத்துக்கு எனக்கே பசித்தது. பிறகு, பக்கத்து வீட்டுக்காரியிடம் வேலிக்கு மேலே பேசுகிற மாதிரி, குரலை உயர்த்தாமல் பேச ஆரம்பித்தாள்.

"கட்டிக்கிட்டு வந்த வருஷத்துலேர்ந்து பாக்கேன். புறவாசல்ல நின்னா நீ ஏறுதது தெரியும். நீ ஏறினாத்தான் நான் குழம்பை மறுபடி அடுப்புல ஏத்துவேன். நீ வந்துட்டா அவுக மடையை மாத்திட்டு வந்துக்கிட்டு இருக்காகன்னு அர்த்தம். இது பாம்பு நடமாடுத மாசம். ஈரம் தேடி எல்லாம் வயலுக்குத்தான் வரும். நீ வார வரைக்கும் எனக்கு மூச்சு மூச்சா இருக்காது. ஒரு பங்குனியும் நீ தப்பினதில்ல. அவுகளை முழுசா வீட்டுக்கு அனுப்பி வச்ச. எம் பிள்ளைகளுக்கு அப்பன் இருக்கான்னா அதுல உம் பங்கும் உண்டு. உனக்கு ஒரு வார்த்தை நான் சொன்னதில்ல. நீ வந்ததும் அடுப்பைப் பாக்க ஓடிருவேன். நல்லா இருப்பே நீ."

இலையைத் தள்ளி வைத்தாள்.

"வான்னு சொல்ல வரல. மனசில்லன்னா இரு. சாப்பிட்டுட்டு இரு. ஆறிட்டா கருவாடு நல்லா இருக்காது."

அவ்வளவுதான் பேசினாள். விளக்கை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் வேறு வேலை பாருங்கள். பாறைக்குப் பின்னால் இருந்த வெளிச்சம் முதலில் விரிந்தது, அடுப்பில் சுள்ளியைத் தள்ளினால் குப்பென்று விரியுமே அப்படி, பிறகு குறுகிக் குறுகி ஒரு நெல்லிக்காய் அளவாகி, குன்றிமணி அளவாகி, பாறை விளிம்பில் வந்து உட்கார்ந்து, எங்கள் மூன்று பேர் முகத்திலும் சிவப்பாக அடித்து, ஒரு நிமிஷம் நின்று, பிறகு மேலே ஏறியது. அதற்குள் தேள் பொத்தைக்கு மேலே ஒரு பனை உயரம் போயிருந்ததால், பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்த பையன் வரிசையில் தன் இடத்தைத் தேடி ஓடுகிற மாதிரி விறுவிறுவென்று ஏறிப்போய், நடுவில் கறுப்பாகக் கிடந்த இடத்தில் நின்றுகொண்டது. இலையில் ஒரு பருக்கை இல்லை. கருவாட்டு முள் மட்டும் சுத்தமாக ஒதுக்கி வைத்திருந்தது.

சத்தம் போட வேண்டியவன் நான். மறந்துவிட்டேன். தேவையும் படவில்லை. கீழே வயலிலிருந்து மண்ணை வெட்டிப் போடுகிற சத்தம் தொப் தொப்பென்று கேட்டது. கொம்பையா தன் வாமடையை அடைத்துக்கொண்டிருந்தான். காறித் துப்புகிற சத்தம் கேட்கவில்லை. அடைத்து முடித்து, நொண்டிக்கொண்டே போய், ஆவுடைக்கனியின் வாமடையையும் அவனே வெட்டிவிட்டான். மீன் தலைகாட்டிவிட்டது, முறைப்படி அதில் தப்பில்லை.

ஆவுடைக்கனி எழுந்திருக்கவில்லை. தண்ணீர் அவள் வயலுக்குள் இறங்குகிறது, வெடித்த மண் அதை உறிஞ்சுகிற சத்தம் பொத்தை வரைக்கும் கேட்கிறது, அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"எங்க அப்பன் போன பிறகு, ராத்திரி பூராவும் எங்கூட வயல்ல நின்னது இது ஒண்ணுதான்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. பிறகு மம்பட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினாள்.

பயிர் பிழைத்தது. பதர் கொஞ்சம் இருந்தது, இருந்தாலும் பிழைத்தது. அனுஷமாகிப் போன பெண்கள் மூன்று பேருக்கும் தாலி ஏறிவிட்டது. மாப்பிள்ளைகளின் அண்ணன்மார் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், ஒருவன் மட்டும் சைக்கிளிலிருந்து விழுந்தான், அவன் குடிப்பான். டீக்கடை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஐப்பசியில் திருவாதிரை ஏறும்போது மடையில் நிற்கிறவன் அதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வான், கார்த்திகையில் மகத்துக்கு ஒரு வார்த்தை, மார்கழியில் உத்திரத்துக்கு, தையில் சித்திரைக்கு, மாசியில் விசாகத்துக்கு. குளம் காய்ந்து, மடையில் ஒரு வேலையும் இல்லாத ஆனி மாசத்திலும் தேளைப் பார்க்க வெளியே வந்து நிற்பவர்கள் உண்டு. நானும் நிற்பேன். வருகிறதற்கு நன்றி என்பேன். சத்தமாக இல்லை.

அந்தச் சித்திரையில் அறுப்பு முடிந்ததும் ஆவுடைக்கனி புது அரிசியில் அம்மன் கோயிலில் பொங்கல் வைத்தாள். ஊர் முழுக்க வந்திருந்தது. பூசாரி தேங்காயைக் கையில் எடுத்து, யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டார்.

"கொம்பையா வீட்டுக்காரிக்கு."

"வீட்டுக்காரின்னு மந்திரத்துல வராதுளா. நட்சத்திரம் சொல்லு, பேரைச் சொல்லு."

நட்சத்திரம் என்ன என்று ஆவுடைக்கனி அவளைக் கேட்டாள். எங்க அம்மை சொன்னதில்ல என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப கேட்டைன்னு போடும்" என்றாள் ஆவுடைக்கனி. ஜோசியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆவுடைக்கனி திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"பேரு?"

ஒருவருக்கும் தெரியவில்லை. எத்தனை வருஷம் ஒரே தெருவில் இருக்கிறோம், அவள் சுற்றின பீடியை எத்தனை பேர் குடித்திருக்கிறோம். ஆவுடைக்கனி கொம்பையாவைப் பார்த்தாள். பூசாரி பார்த்தார். நானும் பார்த்தேன். கட்டின நாளிலிருந்து "ஏட்டி", "இந்தா" என்று கூப்பிட்டே பழகின வாய். கொம்பையா புண் ஆறின காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றான். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு, பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"சிவனணைந்தாள்."